கம்பியூட்டர் ஸ்லோவா? புரொசஸரையும் ரெம்மையும் எது தின்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ "மெசின் ஸ்லோவா இருக்கு" என்று யாரிடம் சொன்னாலும் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும்: போர்மட் அடிக்கணும், இல்லாவிட்டால் ரெம் கூட்டணும். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் போர்மட் அடித்தால் பைல்கள் போய்விடலாம், ரெம் வாங்கினால் காசு போகும். அதற்கு முன்னால் ஒரு சதமும் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. மெசினுக்குள் இந்த நிமிடம் ஓடுகிறவை எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு புரொசஸரையும் ரெம்மையும் எடுக்கிறது என்று நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தோட்டத்து ஒபிஸில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) போடுகிறவர்கள், டவுனில் கொமியுனிகேஷன் கடை நடத்துகிறவர்கள், பாடசாலை ஐ.சி.டி லெப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள், ஏ.எல் படிக்கும் பிள்ளைகள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் அதிகம் புழங்குவது வின்டோஸ் 10, 11 என்பதால் முக்கால்வாசி அதைப் பற்றியே இருக்கும். கடைசிப் பக்கமாக லினக்ஸும் வரும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். புரொசஸர் என்பது கணக்குப் போடும் மூளை, ரெம் என்பது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம். டிஸ்கில் கிடக்கும்வரை புரோகிராம் வெறும் பைல்தான். அதைத் திறந்ததும் அது ஒரு செயன்முறை ஆகிறது. அதற்கென்று ஓர் இலக்கம், ரெம்மில் ஒரு பங்கு, புரொசஸரின் நேரத்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஒரே புரோகிராம் பல செயன்முறைகளாக ஓடலாம். குரோம் பிரவுசரில் ஏழெட்டு டெப் திறந்திருந்தால் பட்டியலில் அதன் பெயர் பத்துக்கு மேல் இருப்பது வழமைதான், அதை வைரஸ் என்று நினைக்கவேண்டாம்.

படி 1: டாஸ்க் மேனேஜரைத் திறப்பது

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் அழுத்தினால் நடுவில் ஒரு மெனு வரும், இதில் நேரே திறக்கும். டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசொப்ட் பொறியியலாளர் எழுதிய இந்தக் கருவி 1996 இல் வெளிவந்த வின்டோஸ் என்.டி 4.0 முதல் நம்மோடு இருக்கிறது. வின்டோஸ் 10 இல் முதல்முறை சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்திப் பெரிதாக்குங்கள்.

திறந்த முதல் சில விநாடிகளில் டாஸ்க் மேனேஜரே கொஞ்சம் புரொசஸரை எடுக்கும். அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மெசின் ஒன் ஆன உடனே பார்ப்பதிலும் பயனில்லை. வைரஸ் காவல், அப்டேட், தேடலுக்கான அட்டவணை எல்லாம் அந்த நேரத்தில்தான் வேலை தொடங்கும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் சாயங்கால இடிமழைக்குக் கரண்ட் போய் வருவது நமக்குப் பழக்கம். அப்படி வந்த கரண்டில் திரும்ப ஒன் ஆன மெசின் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கத்தான் செய்யும். பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால்தான் விசாரணை.

படி 2: பட்டியலுக்கு முன் வரைபடம்

பலரும் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பட்டியலில் மேலே இருப்பதை 'என்ட் டாஸ்க்' அடித்துவிடுகிறார்கள். அவசரப்படாமல் முதலில் 'பெர்போமன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மெசினின் மொத்த நிலைமை அங்கேதான் தெரியும்.

சி.பி.யு, அதாவது புரொசஸர் வரைபடத்துக்குக் கீழே சில எண்கள் இருக்கும். 'யூட்டிலைசேஷன்' என்பது புரொசஸர் மொத்தமாக எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பது. 'லொஜிக்கல் புரொசஸர்ஸ்' (ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய அலகுகள்) எத்தனை என்று ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும். 'அப் டைம்' என்பது மெசின் எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்பது. "நாங்க தினமும் ஷட்டவுன் பண்றமே" என்பார்கள், ஆனால் அப் டைம் இருபது நாள் காட்டும். பாஸ்ட் ஸ்டார்ட்அப் போடப்பட்ட வின்டோஸில் ஷட்டவுன் செய்தாலும் அதன் உள்பகுதி டிஸ்கில் அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப எழுப்பப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். பாதிப் புகார்களுக்கு இந்த ஒரு ரீஸ்டார்ட்டே போதும்.

'ஸ்பீட்', 'பேஸ் ஸ்பீட்' இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை அதிகம் இருக்கும்போது ஸ்பீட், பேஸ் ஸ்பீடை எட்டவேண்டும், பெரும்பாலும் தாண்டவேண்டும். வேலை அதிகம் இருந்தும் ஸ்பீட், பேஸ் ஸ்பீடில் பாதிக்கும் கீழே கிடந்தால் புரொசஸர் சூட்டுக்குப் பயந்து தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். குளிர் ஊரில் சூடு எங்கே என்று கேட்கவேண்டாம். லயத்துக் காம்பராவில் கட்டிலில் உட்கார்ந்து, காலில் கம்பளியைப் போர்த்தி, அதன்மேல் லெப்டொப்பை வைத்துப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பளி காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். நுவரெலியாப் பனியிலும் அந்த லெப்டொப் உள்ளே கொதிக்கும். அடியில் ஒரு பலகையோ தடித்த புத்தக மட்டையோ வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஸ்பீட் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பேனில் தூசு அடைத்திருக்கலாம். லெப்டொப்பில் பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் சரியில்லாத சார்ஜர் மாட்டியிருந்தாலும் ஸ்பீட் இதேபோல் இறங்கும்.

படி 3: புரொசஸரைப் பிடித்திருப்பது எது?

இப்போது 'புரொசஸஸ்' பக்கம். 'சி.பி.யு' என்ற தலைப்பின்மேல் ஒருமுறை கிளிக் செய்தால் அதிகம் எடுப்பது மேலே வரும். எண்கள் குதித்துக்கொண்டே இருப்பதால் படிக்க முடியவில்லையா? கன்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பட்டியல் அப்படியே நிற்கும். விட்டதும் திரும்ப ஓடும்.

ஒரு கணம் 90 என்று காட்டுவது பெரிய விஷயமில்லை. பெரிய பைலைத் திறக்கும்போது அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

குறித்து வைத்த லொஜிக்கல் புரொசஸர் எண்ணிக்கையை இங்கே எடுங்கள். டாஸ்க் மேனேஜரில் 100 என்பது எல்லாம் சேர்ந்த மொத்தம். மெசினில் நான்கு லொஜிக்கல் புரொசஸர் இருந்தால் ஒன்றின் பங்கு 25. ஒரே இழையில் (ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில்) ஓடும் புரோகிராம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அது தலைகீழாக நின்றாலும் ஏறத்தாழ 25 தான் காட்டும்.

தோட்டத்து ஒபிஸில் இதை நேரிலேயே பார்க்கலாம். சம்பளத் திகதிக்கு முந்தின நாட்கள். எக்செல் பைலில் ஒவ்வொருவருக்கும் பேர் (முழுநாள் வேலை), அரைப்பேர் (அரைநாள்), கொழுந்துக் கிலோ, முற்பணம், ஈ.பி.எப், ஈ.டி.எப் என்று வரிவரியாக இருக்கும். யாரோ எழுதிக்கொடுத்த மெக்ரோ (எக்செலுக்குள் தானாக ஓடும் சின்னப் புரோகிராம்) ஒன்று எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கும். பட்டனை அழுத்தினால் திரை வெளுத்து 'நொட் ரெஸ்பொன்டிங்' என்று நிற்கும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு 27, ரெம்மில் பாதி சும்மா, டிஸ்க் அமைதி. "புரொசஸர் முக்கால்வாசி சும்மாதானே கிடக்கு, அப்ப எக்செல் கெட்டுப்போச்சு" என்று மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் எக்செலின் வரியைப் பாருங்கள். அது 25 இல் அசையாமல் நின்றால் ஒரு லொஜிக்கல் புரொசஸரை முழுதாகப் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எக்செல் மெக்ரோ ஒரே இழையில்தான் ஓடும். எண் பூச்சியத்தில் நின்று, நேரம் போயும் எதுவும் நடக்காவிட்டால்தான் உண்மையில் தொங்கிவிட்டது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மூடி, பாதி ஏற்றிய செக்ரோலைத் தொலைப்பது அநியாயம். இப்படி ஒற்றை இழையில் தவிக்கும் வேலைக்கு ரெம் போட்டாலும் பயனில்லை, மெக்ரோவைத்தான் திருத்தவேண்டும்.

அதே டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐட்ல் புரொசஸ்' என்று ஒன்று 95, 97 என்று காட்டும். பயப்படாதீர்கள். புரொசஸர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு அது. கூடினால் சந்தோஷப்படவேண்டிய ஒரே வரி அதுதான்.

படி 4: ரெம் கணக்கு

ரெம் விஷயத்தில்தான் தவறான முடிவும் வீண் செலவும் அதிகம். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பெர்போமன்ஸ் பக்கத்தில் 'மெமரி' யை அழுத்துங்கள். 'இன் யூஸ்' என்பது இப்போது பயன்பாட்டில் இருப்பது. 'அவெய்லபிள்' என்பது கேட்டால் உடனே கொடுக்கக்கூடியது. 'கேஷ்ட்' என்ற எண் பெரிதாக இருந்தால் கவலை வேண்டாம். சும்மா இருக்கும் ரெம்மில் வின்டோஸ் அண்மையில் திறந்த பைல்களை வைத்திருக்கிறது, தேவைப்பட்டால் அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும். 'கொமிட்டெட்' என்பதில் சரிந்த கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு எண் இருக்கும். இடப்பக்கம் எல்லாச் செயன்முறைகளும் கேட்டு வாங்கியிருப்பது, வலப்பக்கம் ரெம்மும், ரெம் போதாதபோது உதவ டிஸ்கில் ஒதுக்கிய பேஜ் பைலும் சேர்ந்த எல்லை. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால் புரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடத் தொடங்கும்.

புரொசஸஸ் பக்கத்தின் 'மெமரி' நிரலை மட்டும் நம்பினால் ஏமாறலாம். அது இப்போது ரெம்மில் உட்கார்ந்திருப்பதை மட்டும் காட்டும். இடம் போதாமல் வின்டோஸ் ஒரு புரோகிராமை டிஸ்குக்குத் தள்ளிவிட்டால் அதன் எண் சின்னதாகத் தெரியும், ஆனால் அது கேட்டு வாங்கிய அளவு குறைந்திருக்காது. டீடெய்ல்ஸ் பக்கத்தில் நிரல் தலைப்பின்மேல் வலது கிளிக் செய்து, 'செலெக்ட் கொலம்ஸ்' போய், 'கொமிட் சைஸ்' என்பதை டிக் பண்ணுங்கள். யார் உண்மையில் பெருந்தீனி என்று அங்கே தெரியும்.

ரெம் கசிவைப் பிடிப்பதும் இந்த நிரலை வைத்துத்தான். சந்தேகமான புரோகிராமின் கொமிட் சைஸை அரை மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். ஏறி இறங்கினால் சாதாரணம். அதே வேலையைத்தான் செய்கிறீர்கள், ஆனால் காலையில் 300 எம்.பி, பகலில் 900, சாயங்காலம் 1800 என்று ஏறிக்கொண்டே போனால் அது வாங்கிய ரெம்மைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 32 பிட் புரோகிராம் என்றால் பொதுவாக 2 ஜி.பி அருகில் அதுவாகவே விழுந்துவிடும். எழுதியவர் திருத்தும்வரை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை மூடித் திறப்பதுதான் நடைமுறை வழி.

ரெம் உண்மையிலேயே போதவில்லையா என்பதைச் சொல்லும் சாட்சி 'ரிசோர்ஸ் மொனிட்டர்'. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, மெமரி பக்கத்தில் 'ஹார்ட் போல்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். ஒரு செயன்முறை கேட்ட தகவல் ரெம்மில் இல்லாமல் டிஸ்குக்குப் போய் எடுக்கவேண்டி வந்த தடவைகள் அவை. புரோகிராம் திறக்கும்போது கொஞ்சம் எழும்பும், அது இயல்பு. வேலை நடக்கும் நேரமெல்லாம் உயரத்திலேயே நின்றால் மெசின் ரெம்முக்கும் டிஸ்குக்கும் இடையில் அல்லாடுகிறது. ரெம்மில் ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நனோ செக்கன் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஏறத்தாழ 10 மில்லி செக்கன். ஒரு இலட்சம் மடங்கு! டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 என்று சிவந்து நிற்பதைப் பார்த்து டிஸ்கைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி ரெம்.

என் தீர்ப்பு இதுதான்: வேலை நேரத்தில் அவெய்லபிள் சில நூறு எம்.பி.க்குக் கீழே கிடந்து, ஹார்ட் போல்ட்ஸும் ஓயாவிட்டால் ரெம் வாங்குங்கள். அவெய்லபிள் தாராளமாக இருந்தும் டிஸ்க் 100 இல் நின்றால், சுழலும் டிஸ்கை எஸ்.எஸ்.டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஆக மாற்றுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். வாங்கும் முன் அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' பார்த்துக்கொள்ளுங்கள். '2 இல் 1' என்றால் ஓர் இடம் காலி. டி.டி.ஆர் 3 பொருந்தும் இடத்தில் டி.டி.ஆர் 4 பொருந்தாது. சில லெப்டொப்பில் ரெம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். 32 பிட் வின்டோஸ் போட்ட மெசினில் 4 ஜி.பி.க்கு மேல் மாட்டினால் மேலதிகமானது வீண்.

குரோமுக்கு மட்டும் ஒரு தனி வழி. குரோம் திறந்திருக்கும்போது ஷிப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். பிரவுசருக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டெப் எவ்வளவு எடுக்கிறது என்று பெயரோடு காட்டும். 4 ஜி.பி லெப்டொப்பில் ஸூம் வகுப்புக்குக் குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் சிக்னலைக் குறை சொல்லும் முன் இதைத் திறந்து, தேவையில்லாத டெப்பை மூடிப் பாருங்கள்.

படி 5: பெயரைப் பார்த்து ஆளை அறிவது

'என்டிமால்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்' வின்டோஸின் சொந்த வைரஸ் காவல். பென் டிரைவ் செருகினால் எழும்பும், வேலை முடிந்ததும் அடங்கும். 'வின்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் வேர்க்கர்' வந்தால் அப்டேட் ஓடுகிறது, நடுவில் நிறுத்தவேண்டாம். 'சேர்விஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் பல வரிகள் இருக்கும். பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே எந்தச் சேவை என்று தெரியும். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' எப்போதும் ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும். அது தொடர்ந்து ஐந்து, பத்து என்று காட்டினால் டிரைவரிலோ (சாதனத்தை இயக்கும் சொப்ட்வெயார்) மாட்டியிருக்கும் ஏதோ ஒரு சாதனத்திலோ கோளாறு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

சந்தேகமான பெயர் என்றால் அதன்மேல் வலது கிளிக், 'ஓபன் பைல் லொகேஷன்'. வின்டோஸின் சேர்விஸ் ஹோஸ்ட் இருக்கவேண்டிய இடம் வின்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம் 32. அதே பெயர் டவுன்லோட்ஸிலோ டெம்பிலோ கிடந்தால் அது வேஷம் போட்ட வேறு ஆள். கிரெக் பண்ணிய சொப்ட்வெயாரோடு உங்கள் புரொசஸரில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர்கள் வந்து சேர்வதுண்டு. யாரும் தொடாத நேரத்திலும் பேன் அலறும், டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சில மைனர்கள் சட்டென்று அடங்கிவிடும். அதற்கு 'புரொசஸ் எக்ஸ்புளோரர்' நல்ல ஆயுதம். மார்க் ருசினோவிச் எழுதியது. 2006 இல் அவருடைய நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியதிலிருந்து அதன் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் செயன்முறை எதைப் பெற்றது என்று மரம்போலக் காட்டும், பல வைரஸ் காவல்களால் ஒன்றாகச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சரிபார்க்கவும் வழி உண்டு.

படி 6: நிறுத்துவது

'என்ட் டாஸ்க்' அடித்தால் சேமிக்காதது போய்விடும். அதனால் முதலில் அந்தப் புரோகிராமின் சொந்த 'குளோஸ்' பட்டன், அது முடியாவிட்டால்தான் இது. வின்லொகொன், எல்சாஸ், சி.எஸ்.ஆர்.எஸ்.எஸ் போன்ற வின்டோஸின் உள் ஆட்களைத் தொடாதீர்கள். நிறுத்தினால் நீலத்திரை வரலாம், இல்லாவிட்டால் மெசின் ரீஸ்டார்ட் ஆகலாம். டாஸ்க்பார் மட்டும் உறைந்திருந்தால் 'வின்டோஸ் எக்ஸ்புளோரர்' வரியில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், திறந்திருக்கும் எக்செல், வேர்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு நாளும் ஒன்றையே நிறுத்திக்கொண்டிருந்தால் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் அதை 'டிஸேபிள்' செய்துவிடுங்கள்.

நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்

சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பக்கத்துக் கடைகளில் மெசின் இராத்திரி முழுக்க ஓடும். எப்போது திணறியது என்று உட்கார்ந்து பார்க்க ஆளிருக்காது. 'பெர்போமன்ஸ் மொனிட்டர்' என்ற கருவி அதற்குத்தான். அதில் 'டேட்டா கலெக்டர் செட்' ஒன்று உருவாக்கி, 'புரொசஸ்' பிரிவில் புரொசஸர் நேரத்தையும் 'பிரைவேட் பைட்ஸ்' ஐயும் சேர்த்து, 15 செக்கனுக்கு ஒருமுறை பதியச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: இங்கே ஒரு செயன்முறைக்கு 100 என்பது ஒரு லொஜிக்கல் புரொசஸரின் முழு உழைப்பு. அதனால் 180, 250 என்று காட்டினால் பதறாதீர்கள்.

லினக்ஸ் போட்ட மெசின்

உபுன்டு போட்ட லெப்களில் டேர்மினலைத் திறந்து 'டொப்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வில்லியம் லெபெவர் 1984 இல் எழுதிய கருவியின் வழிவந்தது. ஷிப்ட்டோடு எம் அழுத்தினால் ரெம் வரிசை, ஷிப்ட்டோடு பி அழுத்தினால் புரொசஸர் வரிசை, 1 அழுத்தினால் ஒவ்வொரு கோரும் (வின்டோஸ் லொஜிக்கல் புரொசஸர் என்று சொன்னது) தனித்தனியாக, கியூ அழுத்தினால் வெளியே. இங்கும் 100 என்பது ஒரு கோர்தான். மேல் மூலையில் உள்ள 'லோட் எவரேஜ்' மூன்று எண்களும் கடந்த 1, 5, 15 நிமிடச் சராசரி. நான்கு கோர் மெசினில் 4 வரை தாங்கும். லோட் 9 என்று நின்று புரொசஸர் சும்மா இருந்தால் செயன்முறைகள் டிஸ்குக்காகக் காத்து நிற்கின்றன. நிறம் நிறமாகப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு 'எச்டொப்' போட்டுக்கொடுங்கள். ரெம்முக்கு 'ப்ரீ' கட்டளையில் 'அவெய்லபிள்' நிரலைப் பாருங்கள், 'ப்ரீ' நிரல் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ரெம் முழுதும் தீர்ந்தால் லினக்ஸ் தானாகவே பெரிய செயன்முறை ஒன்றைக் கொன்றுவிடும். பிள்ளைகளின் பிரவுசர் திடீரென்று மறைந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால்

எல்லாம் பார்த்தும் கடைக்குத்தான் போகவேண்டும் என்று வந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். கடையில் ஒன் பண்ணிப் பார்க்கும் நேரம் மெசின் நல்லபிள்ளையாக ஓடும், அங்கே ஒன்றும் பிடிபடாது. வீட்டில் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே போனில் நான்கு படம் எடுத்துவிடுங்கள்: சி.பி.யு வரைபடம், மெமரி வரைபடம், சி.பி.யு வரிசையில் புரொசஸஸ் பட்டியல், கொமிட் சைஸ் வரிசையில் டீடெய்ல்ஸ் பட்டியல். கீழே இருக்கும் நேரமும் ஸ்லொட்ஸ் யூஸ்ட் எண்ணும் படத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தி வந்த பிறகு அதே வேலையைச் செய்து, அதே நான்கு படத்தையும் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.